சென்டிமீட்டர் அக்காவும் குறைதல் நோட்டும்

புண் கட்டும் அறையில் வேலை செய்த அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரி முழுக்கச் சென்டிமீட்டர் அக்கா என்றுதான் பெயர். வைத்தவர் எக்ஸ்ரே அறைக்காரர். ஒருநாள் மதியச் சாப்பாட்டில் அக்கா தன் தட்டிலிருந்த வெள்ளரித் துண்டுகளைப் பார்த்து, "ஒண்ணு கூட ஒரே கனத்துல இல்லையே" என்று சொல்லிவிட்டார். "பையிலதான் ஸ்கேல் இருக்குமே, அளந்துட்டே சாப்பிடுங்க, சென்டிமீட்டர் அக்கா" என்றார் எக்ஸ்ரேக்காரர். மறுநாளே பெரிய டாக்டர் வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது. பையில் ஸ்கேல் இருந்தது உண்மைதான்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் கிண்ணங்களையும் கத்தரிக்கோல்களையும் கழுவி வேகவைக்கும் வேலைக்கு வந்தவர் அவர். கழுவியதை உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கும்போது, கட்டுப் போடுபவர்களின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். போகச் சொன்னால் போய்விடுவார், சொல்லாவிட்டால் நிற்பார். ஆறு வருடம் நின்றே கற்றுக்கொண்டார். பிறகு ஒரு பயிற்சி, ஒரு தேர்வு, வெளிர்நீலச் சட்டை. இரண்டாம் மாடியின் கோடியில் அந்த அறை. உயரமான கட்டில் ஒன்று, சக்கரம் கீச்சிடும் தள்ளுவண்டி இரண்டு, கைகழுவும் தொட்டி, கிழக்கே பார்த்த ஜன்னல். காலை வெளிச்சம் நேராகக் கட்டில்மேல் விழும். ஆறாத புண்ணோடு வருகிறவர்கள் மாதக்கணக்கில் அந்த வெளிச்சத்தில்தான் காலை நீட்டுவார்கள்.

வாரம் ஒருமுறை புண்ணின் அளவைப் பதிய வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டு பரப்பாக ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் புண்மேல் வைத்து, அதன் விளிம்பைப் பேனாவால் சுற்றி வரைய வேண்டும். புண்ணில் பட்ட அடித்தாளை உரித்து எறிந்துவிட்டு, மேல்தாளைக் கட்டம் போட்ட காகிதத்தின்மேல் வைத்து, கோட்டுக்குள் எத்தனை கட்டம் இருக்கிறது என்று எண்ண வேண்டும். பாதிக்குமேல் உள்ளே இருக்கும் கட்டத்தை முழுதாகச் சேர்க்கலாம். பாதிக்குக் கீழே என்றால் விட்டுவிடலாம். வந்த எண்ணைச் சார்ட்டில் எழுதி, பக்கத்தில் குறிப்பு என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டும்.

அந்த ஒரு வரியில்தான் நோட்டு பிறந்தது. புதிதாக வந்த இளம் டாக்டரம்மா ஒருநாள் சார்ட்டுகளைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"அக்கா, இது என்ன, எல்லாத்துக்கும் டிக்ரீஸ்ட், டிக்ரீஸ்ட்னே போட்டிருக்கீங்க? வீக்கம் டிக்ரீஸ்ட், காய்ச்சல் டிக்ரீஸ்ட், பசி டிக்ரீஸ்ட். இதுல எது நல்ல சேதி, எது கெட்ட சேதி?"

"எல்லாம் குறைஞ்சதுதானே, டாக்டர்?"

"பசி குறையறதும் வீக்கம் குறையறதும் ஒண்ணா?"

அன்று மாலை அக்கா பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த அகராதி ஒன்றும், பக்கத்துக் கடையில் நாற்பது பக்க நோட்டும் வாங்கினார். நோட்டின் முதல் பக்கத்தில் "குறைதல்" என்று எழுதிக் கீழே கோடு போட்டார்.

இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்திலும் எழுதிக்கொள்வார். வலப்பக்கம் அது எங்கே பொருந்தும் என்று, அகராதி சொல்வதை அல்லாமல், தான் பார்த்ததை எழுதுவார். சப்சைட்: வீக்கம் வடிவது. அபேட்: காய்ச்சல் தணிவது. வேன்: நிலா தேய்வது. இரோட்: கரையைத் தண்ணீர் அரிப்பது. டேப்பர்: மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது, இது தானாகக் குறையாது, ஒருவர் உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். ட்விண்டில்: ஒன்றிரண்டாகப் போய்க் கடைசியில் யாரோ ஒருவர் மிஞ்சுவது, வார்டில் முதல் நாள் பார்க்க வந்த கூட்டம் பத்தாம் நாள் என்ன ஆகிறதோ அது.

ஷ்ரிங்க் என்ற சொல்லுக்கு எதிரே துணி சுருங்குவது என்று எழுதினார். கணவர் தையல்காரர். தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, "அது குறையறது இல்லையே" என்றார்.

"சின்னதாகுதுல்ல?"

"ஆகுது. ஆனா ஒரு நூல் கூட எங்கயும் போகலையே. எல்லாம் நெருக்கிட்டு உள்ளயேதான் இருக்கு. எண்ணிப் பாரு, உனக்குத்தான் எண்ணுற வியாதி இருக்கே."

அக்கா அதையும் அப்படியே வலப்பக்கம் எழுதிக்கொண்டார். நோட்டு நிரம்ப நிரம்ப ஒன்று அவருக்குப் பட்டது. வடிவது, தணிவது, தேய்வது, வற்றுவது, இளைப்பது, மங்குவது, கரைவது என்று தமிழில் இத்தனையும் தன் வாயிலேயே இருந்திருக்கின்றன. வீட்டில் ஒருநாளும் அவர் காய்ச்சல் வடிந்தது என்றோ வீக்கம் தேய்ந்தது என்றோ சொன்னதில்லை. சார்ட்டுக்கு முன்னால் உட்காரும்போது மட்டும் ஒற்றைச் சொல்லோடு நின்றிருந்தார். டாக்டரம்மா மறுமாதம் சார்ட்டுகளைப் படித்துவிட்டு, "இப்பதான் நோயாளி கண்ணுக்குத் தெரியறாங்க" என்றார். அக்காவுக்கு அது பதக்கம்.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய அண்ணன் கால் புண்ணோடு வந்தார்.

அண்ணன் பஸ் ஓட்டுநர். அறுபதைத் தொட இரண்டு வருடம் பாக்கி. சர்க்கரை பன்னிரண்டு வருடமாக. புது ஷூ வலது பாதத்தின் வெளிப்பக்கம், சுண்டுவிரலுக்குக் கீழே உரசியிருக்கிறது. உணர்ச்சி மந்தமான கால், தெரியவில்லை. தெரிந்தபோது அது கொப்புளத்தைத் தாண்டிவிட்டது. பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் மிதிக்கிற கால்.

டாக்டரம்மா பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார். "நாலு வாரம் நம்ம இங்க பார்ப்போம். நாலாவது வாரம் அளவு பாதிக்குக் கீழ வந்திருக்கணும். வரலைன்னா கட்டு மேல கட்டுப் போட்டுப் புண்ணியமில்லை. காலுக்கு ரத்தம் சரியா வரலைன்னு அர்த்தம். ரத்தக்குழாய் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போயிடணும். அங்க லேட்டாப் போனா, பாதத்தையே எடுக்கணும்னு சொல்லிடுவாங்க."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். இருவருக்கும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி தெரியும். அவர்களுடைய அப்பா அங்கே இரண்டு காலோடு போய் ஒரு காலோடு வந்தார். அப்போது தங்கைக்கு வயது பதினொன்று.

"பாப்பா, நான் அங்க போகமாட்டேன்" என்றார் அண்ணன், டாக்டரம்மா வெளியே போனதும். தங்கைக்கு ஐம்பது வயதானபோதும் அண்ணனுக்கு அவர் பாப்பாதான்.

"போகவேண்டியிருக்காதுண்ணா. நான் பார்த்துக்கறேன்."

அந்தச் சொல்லைத்தான் பிறகு அக்கா பலமுறை நினைத்துப் பார்த்தார். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவர் அளக்கவும் உட்கார்ந்துவிட்டார்.

முதல் நாள் நூற்று நாற்பத்தொரு கட்டம். அடுத்த வாரம் மெல்லிய முனைப் பேனா காய்ந்துபோயிருந்தது. பண்டகசாலையில் அட்டைப்பெட்டிமேல் எழுதும் தடித்த பேனாவைக் கொடுத்து, இதுதான் இருக்கிறது என்றார்கள். முதல் வாரம் முடிந்து நூற்றுப் பதினெட்டு. இரண்டாம் வாரம் தொண்ணூற்று மூன்று. அண்ணன் அந்தத் தாளைத் தேசப்படம் என்பார்.

"இன்னிக்கு எவ்வளவு நிலத்தைப் பிடுங்கினே?"

"இருபத்தஞ்சு கட்டம்."

"பார்த்தியா, ராஜா கட்டில்ல படுத்துட்டிருக்கான், ராஜ்ஜியம் பறிபோகுது, அவனுக்குச் சந்தோஷம்!"

துணைக்கு வந்திருந்த அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார். "வாய் மட்டும் ஒரு கட்டம் கூடக் குறையலை. அதுக்கும் ஒரு கட்டுப் போட்டு விடேன்."

குறிப்பு இடத்தில் அக்கா தன் நோட்டிலிருந்து நல்ல சொற்களாகத் தேர்ந்து எழுதினார். ஒரு வாரம் ஷ்ரிங்கிங். மறுவாரம் ஸ்டெடிலி டிமினிஷிங், சீராகக் குறைந்துவருகிறது என்று. அது அழகாகவும் இருந்தது, அழுத்தமாகவும் இருந்தது. டாக்டரம்மா புண்ணையும் பார்த்தார்தான். ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது புண் பார்க்கிற கண் போன வாரத்தை நினைவு வைத்துக்கொள்ளாது. அதற்காகத்தான் சார்ட். அவர் சார்ட்டை நம்பினார். மூன்றாம் வாரம் எண்பத்தொன்று. நாலாம் வாரம் அறுபத்தொன்பது.

பாதி என்றால் எழுபதரை. தாண்டியாகிவிட்டது. அண்ணி அக்காவின் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தார்.

அண்ணனின் காலில் கட்டு முடிந்தபிறகு, அக்கா மறுநாளுக்கான பஞ்சுப் பட்டைகளை வெட்ட உட்கார்ந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் புண்ணின் அளவுக்கேற்ப வெட்டி, பெயர் ஒட்டிய டப்பாவில் போட்டு வைப்பது அவர் வழக்கம். அளந்து வெட்டுவதில்லை. இருபது வருடக் கை. கட்டுப் போட்ட நினைவில் அதுவே வெட்டும். அண்ணனுக்கு வெட்டியதை டப்பாவில் போடும்போது, அடியில் முதல் வாரத்துத் துண்டு ஒன்று கிடந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். விளிம்பு சரியாகப் பொருந்தியது.

பாதியாகக் குறைந்த புண்ணுக்குக் கை ஏன் பழைய அளவிலேயே வெட்டுகிறது?

சார்ட்டிலிருந்து ஐந்து தாள்களையும் எடுத்து ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. பாத்திரக் கடையில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கிண்ணங்களைப்போல, ஐந்து கோடுகளும் எல்லாப் பக்கமும் சமமாக உள்ளே உள்ளே போயிருந்தன. இருபது வருடத்தில் அவர் அப்படி ஆறிய புண்ணைப் பார்த்ததே இல்லை. புண் ஒரு பக்கமாக முன்னேறும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். ஒரு மூலை மூடும், ஒரு மூலையில் பள்ளம் விழும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி குறைந்தது புண் அல்ல, அதை வரைந்த கை.

விஷயம் மிகச் சின்னது. முதல் நாள் மெல்லிய பேனா சரியாக விளிம்பின்மேல் போயிருக்கிறது. தடித்த பேனா வந்தபிறகு கோடு மொத்தமும் விளிம்புக்கு உட்புறமாக விழுந்திருக்கிறது; அந்தக் கோட்டின் கனமே இரண்டு மில்லிமீட்டர். எண்ணும்போது பாதிக்கும் மேலே உள்ளே இருந்த ஓரக் கட்டங்களையும் விட்டிருக்கிறார். வாராவாரம் கொஞ்சம் தாராளமாக. ஒருமுறை கூடப் பொய்யாக எண்ண வேண்டும் என்று நினைத்ததில்லை. ஒவ்வொரு ஓரக் கட்டத்திலும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டார்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் வேறு மாதிரி கேட்டார்.

"ஏங்க, சாக்பீஸ் கோடு போட்டுட்டு, உள்பக்கமா வெட்டுவீங்களா, வெளிப்பக்கமா வெட்டுவீங்களா?"

"துணியைப் பொறுத்து. ஆளைப் பொறுத்தும்."

"ஆளைப் பொறுத்தா?"

"இளைச்சுட்டேன்னு சொல்லிக்கிட்டே ஒருத்தர் வருவாரு. மூஞ்சியில அவ்வளவு ஆசை. நமக்கும் மனசு வராது, கோட்டுக்கு உள்பக்கமா வெட்டிடுவேன்." கணவர் சிரித்தார். "போட்டுப் பார்த்து, கண்ணாடியில திரும்பித் திரும்பிப் பார்த்துட்டு, சந்தோஷமாப் போவாரு. அடுத்த வாரம் பட்டன் தெறிச்சிடுச்சுன்னு வந்து நிப்பாரு. துணிக்கென்ன, பிரிச்சு விட்டுடலாம்."

அக்கா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்.

அவர் உடனே டாக்டரம்மாவிடம் ஓடினார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஓடவில்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டார். முதல் நாள், தாள் நகர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். இரண்டாம் நாள், அடுத்த வாரத்துக்குள் உண்மையாகவே குறைந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாமே என்று. நேர்மையான மனிதர்தான், ஆனால் அந்த இரண்டு நாளும் அவர் கணக்கில் சேர்ந்தவை, அவரே பிறகு அவற்றைச் சேர்த்துத்தான் சொன்னார். மூன்றாம் நாள் காலை கட்டைப் பிரித்தபோது சுண்டுவிரலின் நுனி கறுத்திருந்தது.

அவர் மெல்லிய பேனாவைக் கேட்டு வாங்கி, கோட்டை விளிம்பின்மேல் வைத்து, திரும்ப வரைந்தார். பக்கத்து அறையில் வேலை பார்க்கும் ஆளைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். நூற்று இருபத்தொன்று.

குறிப்பு இடத்தில் பேனா நின்றுவிட்டது. நோட்டில் நாற்பது பக்கமும் நிரம்பியிருந்தது. மெதுவாகக் குறைவது, வேகமாகக் குறைவது, தானாகக் குறைவது, ஒருவர் குறைப்பது, கடைசியில் ஒன்றுமில்லாமல் போவது எல்லாம் இருந்தன. குறைய வேண்டியது குறையாமல் அப்படியே இருப்பதற்கு அவர் ஒரு சொல்லும் சேர்த்து வைக்கவில்லை. தேவைப்படும் என்று நினைக்கவே இல்லை. "நூற்று நாற்பத்தொன்றிலிருந்து நூற்று இருபத்தொன்று. முந்தைய அளவுகள் தவறு. தவறு என்னுடையது" என்று தமிழிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, தாள்களோடு டாக்டரம்மாவின் மேசைக்குப் போனார்.

டாக்டரம்மா தாள்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்.

"இவ்வளவு நல்லா எழுதியிருந்தீங்களேக்கா" என்றார் கடைசியில். "டிக்ரீஸ்ட்னு மட்டும் போட்டிருந்தா நானே ஒருதரம் அளந்து பார்த்திருப்பேன்."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் உடனே எழுதப்பட்டது. அதை அண்ணனிடம் சொல்வது தன் வேலை என்று அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார்.

அண்ணன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, அளவு தப்பு. பாதியாகலை. கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு."

"யார் தப்பா அளந்தது?"

"நான்தான்."

"நாலு வாரமாவா?"

"ஆமா."

அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். "அப்ப அந்த ராஜ்ஜியமெல்லாம்?"

"நீங்க பயப்படக்கூடாதுன்னு…"

"பொய் சொல்லாத. பயந்தது நீ." குரல் உயர்ந்தது. "வண்டியில பிரேக் சரியில்லைன்னா மெக்கானிக் என்கிட்ட சொல்லணும். டிரைவர் மனசு கஷ்டப்படும்னு சொல்லாம விட்டா, எத்தனை பேரைக் கொண்டுபோய்ப் பள்ளத்துல இறக்குவேன்? உன்னை நம்பித்தானே காலை நீட்டினேன்?"

அண்ணி இடையில் ஏதோ சொல்ல வந்து, கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, பையில் துணிகளை அடுக்க ஆரம்பித்தார்.

சற்று நேரம் கழித்து அண்ணன், "அங்க உள்ள வரைக்கும் வருவியா, வாசலோட நின்னுடுவியா?" என்று கேட்டார்.

"உள்ள வரைக்கும் வரேன்."

"அப்பாவோட போனப்ப வாசல்லயே நின்னு அழுதே."

"அப்ப எனக்குப் பதினொரு வயசுண்ணா."

"இப்ப மட்டும் என்ன" என்றார் அண்ணன். ஆனால் எழுந்துகொள்ளத் தங்கையின் தோளைப் பிடித்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே ரத்தக்குழாய் ஓரிடத்தில் நூல்போல ஒடுங்கியிருப்பதைப் படத்தில் காட்டினார்கள். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி, அதன் நுனியில் சிறு பலூனை ஊதி, அந்த இடத்தை விரித்தார்கள். பாதம் தப்பியது. சுண்டுவிரல் போனது. அளவுகள் சரியாக இருந்து இரண்டு வாரம் முன்னாலேயே அனுப்பியிருந்தால் விரலும் இருந்திருக்குமா என்று அக்கா அங்கிருந்த டாக்டரிடம் கேட்டார். இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம் என்றார் அவர். அந்தப் பதிலோடுதான் அக்கா இன்றும் இருக்கிறார்.

அண்ணன் மறுபடி பஸ் ஓட்டவில்லை. பணிமனையில் வண்டிகள் புறப்படும் நேரத்தைக் குறிக்கும் மேசையில் உட்கார்ந்தார். இரண்டு மாதம் தங்கையிடம் தேவைக்குமேல் பேசவில்லை. கட்டுப் போட மட்டும் அதே அறைக்கு, அதே கட்டிலுக்கு வந்தார். வேறு இடம் போயிருக்கலாம். அண்ணி ஒருமுறை கேட்டதற்கு, "அவ கைதான் வலிக்காது" என்றாராம்.

புண் கட்டும் அறையில் சில மாற்றங்கள் வந்தன. ஒருவர் வரைந்தால் இன்னொருவர் எண்ண வேண்டும். மெல்லிய முனை இல்லாவிட்டால் அன்றைக்கு அளவு இல்லை. உறவுக்காரர் புண்ணை அளக்கக் கூடாது. மூன்றையும் எழுதிச் சுவரில் ஒட்டியது சென்டிமீட்டர் அக்காதான். குறைதல் நோட்டை அவர் எறியவில்லை. அதன் பின்னட்டையின் உட்புறத்தில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார். அன்சேஞ்ச்ட். எதிரே எழுதவேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்.

அளவு எடுக்கும் நாட்களில் அண்ணனின் திரைக்கு வெளியே நிற்பார். உள்ளே பக்கத்து அறை ஆள் வரைவார். ஒரு வாரம் நூற்று நான்கு. ஒரு வாரம் ஒன்றும் நகரவில்லை. பிறகு எண்பத்தெட்டு. ஒருநாள் உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"பாப்பா, அங்க என்ன காவல் நிக்கறியா? உள்ள வா. கோடெல்லாம் சரியாத்தான் போட்டிருக்காரு, நான் பார்த்துட்டேன். உன்னை மாதிரி தாராளம் கிடையாது, கஞ்சன்."

அவர் உள்ளே போனார். இருவரும் தாளைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் கோடு நன்றாக உள்ளே வந்திருந்தது. விரல் இருந்த பக்கம் அப்படியே நின்றது. மேலே ஒரு மூலை கோணலாக நீட்டிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை அறுபத்தாறு என்றார் பக்கத்து அறை ஆள்.

"இதென்ன தேசப்படம், இவ்வளவு கோணல்?" என்றார் அண்ணன்.

"நிஜமானதுன்னா அப்படித்தான் இருக்கும்ணா."

கட்டுப் போட்டு அண்ணனை அனுப்பிவிட்டு, மறுநாளுக்குப் பட்டைகளை வெட்ட உட்கார்ந்தார். ஒவ்வொரு டப்பாவாக நிரப்பிக்கொண்டே வந்தார். அண்ணனின் டப்பாவுக்கு வந்தபோது கத்தரிக்கோல் வழக்கத்தைவிட முன்னாலேயே திரும்பிவிட்டது. வெட்டிய துண்டைப் பழையதன்மேல் வைத்துப் பார்த்தார். நாலு பக்கமும் பழையது வெளியே தெரிந்தது. ஒரு பக்கம் அதிகமாக, ஒரு பக்கம் கொஞ்சமாக.

பழையதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, கையைக் கழுவப் போனார்.